எரட்டா தடிமனாக இருக்கிற சிப்பையே எடுங்கள்

ப்ராசஸர் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் கோர் எத்தனை, கிளாக் எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்பார்கள். நான் முதலில் கேட்பது எரட்டா எத்தனை பக்கம் என்று. பக்கம் அதிகம் என்றால் நிம்மதி. குறைவு என்றால் சந்தேகம். எரட்டாவே கிடையாது என்று விற்க வந்தவர் பெருமையாகச் சொன்னால், காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று தோன்றும்.

தெரியாதவர்களுக்கு: சிப்பை விற்பனைக்கு விட்ட பிறகு அதில் கண்டுபிடித்த தப்புகளை அந்தக் கம்பெனியே எண் போட்டு வெளியிடுகிற பட்டியல்தான் எரட்டா. இன்டெல் அதற்கு 'ஸ்பெசிஃபிகேஷன் அப்டேட்' என்று கௌரவமாகப் பேர் வைத்திருக்கிறது, ஏஎம்டியில் 'ரிவிஷன் கைடு'. ஆர்ம் மட்டும் நேராக எரட்டா என்றே சொல்லி, எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்து ஏ, பி, சி என்று பிரித்தும் கொடுத்துவிடும். ஒவ்வொரு தப்புக்கும் கீழே எப்போது நடக்கும், நடந்தால் என்ன ஆகும், எப்படித் தப்பிப்பது, அடுத்த ரிவிஷனில் சரியாகுமா என்றெல்லாம் இருக்கும். நிறைய இடங்களில் கடைசி வரி 'நோ ஃபிக்ஸ்' என்று முடியும். அதாவது, நாங்கள் சரிசெய்யப் போவதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்துக்கொள்கிற வேலையில்தான் நான் இருக்கிறேன்.

பெங்களூர் ரிங் ரோடு பக்கத்தில் ஒரு ஆபீஸில், ஃபேக்டரி மெஷின்களிலிருந்து டேட்டா எடுத்து அனுப்புகிற கேட்வே பெட்டிகள் செய்கிறோம். புதுப் பெட்டிக்கு எந்த சிப் என்ற மீட்டிங்கில் கடைசியாக இரண்டு மிஞ்சின. ஒன்றுக்கு எரட்டா நூறு பக்கத்தைத் தாண்டும். இன்னொன்றுக்கு இரண்டே பக்கம், அதில் ஒன்று அட்டை. நான் முதலாவதைச் சொன்னதும், போன வருஷம் கரூரிலிருந்து வந்து சேர்ந்த பையன், "அண்ணா, இவ்ளோ பக் இருக்கிறதப் போயி எடுக்கச் சொல்றீங்களே?" என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்விதான். மீட்டிங்கில் கொஞ்சம் சொன்னேன், அன்றைக்குச் சாயங்காலம் மாரத்தஹள்ளிப் பாலத்துக்கு முன்னால் வண்டி நகராமல் நின்ற நேரத்தில் இன்னும் கொஞ்சம் சொன்னேன், அப்படியும் முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பக் இல்லாத ப்ராசஸர் என்று ஒன்று கிடையாது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர் இருக்கிற ஒன்றை டேப்-அவுட்டுக்கு, அதாவது டிசைனை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்புவதற்கு, முன்னால் எவ்வளவு வெரிஃபை செய்தாலும் சிலது தப்பித்துத்தான் வரும். பெங்களூரில் இருந்துகொண்டு இதை நான் விளக்கவே வேண்டாம், எந்த அபார்ட்மென்டிலும் ஒரு மாடிக்கு ஒரு வெரிஃபிகேஷன் எஞ்சினியராவது இருப்பார், அவரைக் கேட்டால் நாள் முழுக்கப் புலம்புவார். தப்பித்து வந்ததை சிலிக்கானிலேயே திருத்த வேண்டுமானால் சிப்பின் அச்சான மாஸ்க்கை மாற்றி மறுபடியும் சிப் தயாரிக்கிற ஃபேபுக்கு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவையும் யாராவது ஏற்க வேண்டும். அதனால் எல்லா சிப்பிலும் பள்ளம் இருக்கிறது. மழை பெய்து தண்ணீர் நிற்கிற பெங்களூர் ரோட்டில் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரியும், பள்ளம் இருப்பதைவிட எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு பக்க எரட்டா என்பது தண்ணீர் நிற்கிற ரோடு.

சரி, ஆப்பரேட்டிங் சிஸ்டம் இதில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால், பல சமயம் ஆச்சரியப்படுகிற அளவுக்குச் செய்ய முடியும். எனக்கு எப்போதும் பிடித்த உதாரணம் 1997 நவம்பரில் வெளியே வந்த பென்டியம் எஃப்00எஃப் பக். எஃப்0, 0எஃப், சி7, சி8 என்று நான்கே பைட். மெமரியில் இருக்கிற எட்டு பைட்டை ஒப்பிட்டு மாற்றுகிற கட்டளை அது, முன்னால் பஸ்ஸைப் பூட்டச் சொல்லும் 'லாக்' ஒட்டியிருக்கிறது. ஆனால் மெமரி முகவரி வர வேண்டிய இடத்தில் ரிஜிஸ்டரை, அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற சின்னச் சேமிப்பிடத்தை, கொடுத்திருக்கிறது, ஆகவே செல்லாத கட்டளை. ப்ராசஸர் செய்ய வேண்டியது, இது தப்பு என்று ஆறாம் எண் எக்ஸெப்ஷனைக் கிளப்பி, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் ஒப்படைப்பது. பென்டியமும் அதைத்தான் செய்யப் போகிறது. ஆனால் ஆறாம் எண்ணுக்கு எந்தக் கோடை ஓட்ட வேண்டும் என்று இன்டரப்ட் டேபிளில் பார்க்கப் போகும்போது பூட்டு விஷயத்தில் குழம்பி அப்படியே நின்றுவிடும். இன்டரப்ட் வந்தாலும் அசையாது, ரீசெட் பட்டனை அமுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு ரூட் அனுமதி எதுவும் தேவையில்லை. காலேஜ் முழுக்க ஒரே யூனிக்ஸ் சர்வரில் லாகின் வைத்திருந்த காலம் அது, லேப் தேர்வு நடக்கும்போது ஒரு பையன் நான்கு பைட் எழுதினால் போதும், தேர்வு தள்ளிப்போகும்.

கெர்னல் இதை எப்படித் தடுக்கும்? கட்டளை ஓடுவதற்கு முன்னால் கெர்னலுக்குத் தகவலே வராது, யூசர் புரோகிராம் நேராக ப்ராசஸரில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லா புரோகிராமையும் பைட் பைட்டாக ஸ்கேன் செய்யவும் முடியாது. கண்டுபிடித்த வழி இதுதான்: அந்த இன்டரப்ட் டேபிள் இருக்கிற மெமரி பக்கத்தை எழுத முடியாத பக்கமாக, ரீட்-ஒன்லி என்று குறித்துவிடுவது. பூட்டின நிலையில் டேபிளைத் தொடப் போகிற ப்ராசஸர் எழுதப் போகிற மாதிரியே தொடுகிறது, எழுத அனுமதி இல்லை என்றதும் பேஜ் ஃபால்ட் வருகிறது, அந்த ஃபால்ட் அதன் மயக்கத்தைக் கலைத்துவிடுகிறது. இப்போது கட்டுப்பாடு கெர்னலின் பேஜ் ஃபால்ட் ஹேண்ட்லருக்கு வந்துவிட்டது. அது பார்க்கிறது: ஃபால்ட் ஆன முகவரி இன்டரப்ட் டேபிளுக்குள்ளேயா? அதிலும் ஆறாவது இடமா? அப்படியானால் இது நிஜமான பேஜ் ஃபால்ட் கிடையாது, எவனோ அந்த நான்கு பைட்டை ஓட்டியிருக்கிறான். செல்லாத கட்டளை என்று அந்தப் புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டு மெஷின் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

சிலிக்கானில் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. ஒரு பக்கத்தின் அனுமதி பிட், ஃபால்ட் ஹேண்ட்லரில் சில வரிகள், அவ்வளவுதான் செலவு. லினக்ஸில் அந்த ஃபங்ஷனைப் படித்துப் பாருங்கள், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்து முடித்துவிடலாம். பிற்காலத்தில் அந்த டேபிளைப் பாதுகாப்புக்காக இன்டெல், ஏஎம்டி வகையான எக்ஸ்86 மெஷின் எல்லாவற்றிலும் ரீட்-ஒன்லி ஆக்கினார்கள், ஒரு பழைய சிப்பின் பக்குக்காகப் போட்ட வழி தயாராகக் கிடந்தது வசதியாகப் போயிற்று.

அதற்கு மூன்று வருஷம் முன்னால் வந்த பென்டியம் வகுத்தல் பக்தான் உலகப் புகழ். 1994ல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தது, இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு வைத்தது. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், அந்த சிப்பில் 1.33374 வரும். வகுத்தலுக்கு உள்ளே வைத்திருந்த டேபிளில் ஐந்து இடம் காலியாகப் போனதுதான் காரணம். புகழ் பெரிது, ஆனால் கெர்னல்காரன் கண்ணுக்கு இதில் சுவாரசியம் குறைவு. யூசர் புரோகிராம் வகுத்தால் ப்ராசஸர் வகுத்துவிட்டு விடையை வைத்துவிடும், தப்பாக வகுத்தேன் என்று சத்தம் போடாது, அந்தக் கணக்கு யூனிட்டையே மொத்தமாக அணைத்தால் ஒழிய கெர்னலுக்கு இடையில் புகுந்துகொள்ள ஒரு சந்தும் கிடையாது. பூட் ஆகும்போது லினக்ஸ் அதே இரண்டு எண்களை வகுத்துப் பார்த்து, பக் இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வைக்கும், அத்தோடு சரி. சிக்கல் ஒரு ஃபால்ட்டாகவோ, இன்டரப்டாகவோ, கெர்னல் தானே எழுதுகிற ரிஜிஸ்டராகவோ எங்களைத் தாண்டிப் போக வேண்டும். அப்போதுதான் பிடிக்க முடியும்.

பழைய லினக்ஸ் பூட் மெசேஜ்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வரி ஞாபகம் இருக்கலாம், 'இந்த ப்ராசஸர் சூப்பர்வைசர் மோடிலும் டபிள்யூபி பிட்டை மதிக்கிறதா என்று பார்க்கிறேன்... ஓகே' என்கிற அர்த்தத்தில் வரும். சூப்பர்வைசர் மோடு என்றால் கெர்னல் ஓடுகிற மோடு, டபிள்யூபி என்றால் எழுதத் தடை. இன்டெலின் பழைய 386 சிப்பில் ஒரு மெமரி பக்கத்தை ரீட்-ஒன்லி என்று குறித்தாலும் கெர்னல் மோடில் எழுதினால் தடுக்காது. இதை பக் என்று சொன்னால் இன்டெல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், டிசைனே அப்படி, 486ல்தான் மாற்றினார்கள். எப்படியானாலும் விளைவு ஒன்றுதான், யூசர் மெமரியில் எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் கெர்னல் கையால் சரிபார்க்க வேண்டியிருந்தது. எந்த சிப் என்று பேரை நம்பாமல் பூட்டிலேயே நிஜமாக எழுதிப் பார்த்து முடிவெடுத்தார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2013ல் வந்த 3.8 வெர்ஷனில்தான் 386 ஆதரவு லினக்ஸிலிருந்து போனது.

இனி எங்கள் சொந்தக் கதை. இப்போதைய பெட்டிக்கு முந்தைய தலைமுறையில் ஒரு ஆர்ம் சிப் போட்டிருந்தோம், யாருடையது என்று சொல்லப் போவதில்லை, எரட்டா மெலிசு என்று மட்டும் சொல்கிறேன். ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வைத்த பெட்டி திடீர் திடீரென்று மெஷின்களிடம் டேட்டா கேட்பதை நிறுத்திவிடும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும். லாகைப் பார்த்தால் நேரம் கண்டபடி குதித்திருந்தது. முதலில் நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்கிற என்டிபியைச் சந்தேகப்பட்டோம், அப்புறம் அப்ளிகேஷன் டீமைச் சந்தேகப்பட்டோம், அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்டார்கள், அது வழக்கம்தான். ஹார்டுவேர் மேல் பழி போடுவது சுலபம் என்பதால் அதைக் கடைசிவரை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நெட்வொர்க்கைப் பிடுங்கினோம், ஒரே கோரில் மட்டும் ஓட்டினோம், போர்டை மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம், எஸ்.பி. ரோடில் வாங்கி வந்த ஹீட் கன்னால் சூடாக்கியும் பார்த்தோம். கடைசியில் கெர்னலையே தூக்கிவிட்டு, பூட்லோடரிலிருந்து நேராக ஓடுகிற ஒரு சின்ன லூப் எழுதினோம். டைமர் கவுன்டரைப் படி, உடனே மறுபடி படி, இரண்டாவது சின்னதாக இருந்தால் நிறுத்து. ஏறிக்கொண்டே போக வேண்டிய கவுன்டர் அது. ராத்திரி விட்டுவிட்டுப் போனோம், காலையில் வந்து பார்த்தால் நின்றிருந்தது.

அந்த லூப்பை அப்படியே சிப் கம்பெனிக்கு அனுப்பினோம். உங்கள் சாஃப்ட்வேரைப் பாருங்கள் என்று பதில். சாஃப்ட்வேரே இல்லை, இதுதான் முழு புரோகிராம், ஒரு பக்கத்தில் அடங்கும் என்று எழுதினோம். அதற்குப் பதிலே இல்லை. கொஞ்ச நாள் கழித்து சிப்போடு அவர்கள் தருகிற சாஃப்ட்வேர் தொகுப்பான எஸ்டிகேயின் புது வெர்ஷனில், கவுன்டரை இரண்டு தடவை படித்து ஒப்பிட்டுப் பார்க்கிற ஒரு ஃபங்ஷன் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. மேலே கமென்ட் இல்லை. எரட்டாவில் ஒரு வரி ஏறவில்லை. இன்னும் எத்தனை பேர் வேறு வேறு ஊரில் வேறு வேறு போர்டை ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டிருக்கிறார்களோ.

இதே ஜாதி பக் ஒன்று பொதுவெளியில் இருக்கிறது, அதைத் தாராளமாகச் சொல்லலாம். மலிவு போர்டுகளில் நிறைய வந்த ஆல்வின்னர் ஏ64 சிப். அதில் மெஷினின் நேரம் சில சமயம் 95 வருஷம் எதிர்காலத்துக்குக் குதித்துவிடும். ஏன் 95? கவுன்டர் ஓடுவது 24 மெகாஹெர்ட்ஸில், 2இன் 56ஆவது அடுக்கை அதால் வகுத்தால் ஏறக்குறைய 95 வருஷம் வரும். நிஜத்தில் கவுன்டர் 95 வருஷம் தாண்டிப் போகவில்லை, கவுன்டர் ஒரு துளி பின்னால் போயிருக்கிறது. பின்னால் போக வழியே இல்லை என்று நம்புகிற கெர்னல், ஒரு முழுச் சுற்று சுற்றி வந்திருக்கும் போல என்று கணக்குப் போட்டுவிடுகிறது. நிறைய பிட்கள் ஒரே நேரத்தில் புரளும் தருணத்தில், அதாவது கீழ் பிட்கள் எல்லாம் ஒன்றாகவோ எல்லாம் பூஜ்யமாகவோ இருக்கிற இடத்தில் படித்தால்தான் தப்பு வருகிறது. ஆகவே லினக்ஸ் என்ன செய்கிறதென்றால், கவுன்டரைப் படித்ததும் கடைசி ஒன்பது பிட்டைப் பார்க்கும், எல்லாம் ஒன்று அல்லது எல்லாம் பூஜ்யம் என்றால் அந்த விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி படிக்கும். அழகான சுற்றுவழி.

ஆனால் அதற்குக் கெர்னலில் என்ன பேர் தெரியுமா? 'அன்நோன்1'. தெரியாதது நம்பர் ஒன்று. கெர்னலில் மற்ற எரட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனி கொடுத்த எண் இருக்கும். ஃப்ரீஸ்கேல் சிப்களில் இதே மாதிரி டைமர் தப்புக்கு ஏ-008585 என்று எண் இருக்கிறது, இரண்டு தடவை ஒரே விடை வருகிறவரை படி என்பது அதற்கு வழி. ஏ64க்கு எண் கிடையாது, கவுன்டரைக் கோடிக்கணக்கான தடவை படித்துப் பார்த்து இதை வெளியே கொண்டுவந்தவர்கள் சிப் செய்யாத ஆட்கள். கரூர்ப் பையனுக்கு அந்தப் பேரைக் காட்டினபோது சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டைமர் பக்குக்கு இன்னொரு வால் உண்டு. சாதாரணமாக மணி என்ன என்று கேட்கிற புரோகிராம் கெர்னலுக்குள் நுழையவே நுழையாது, கவுன்டரை நேராகப் படித்துக்கொள்ளும், அதனால்தான் வேகம். கவுன்டரையே நம்ப முடியாது என்றானதும் அந்தக் குறுக்கு வழியை மூடிவிட்டு, ஒவ்வொரு தடவையும் கெர்னல் வழியாக வரச் சொல்ல வேண்டும். லாகில் வரிக்கு வரி நேரம் போடுகிற புரோகிராம் வைத்திருக்கிறவர்களுக்கு இது உறைக்கும்.

கெர்னலில் மட்டும் சமாளிக்க முடியாதவையும் உண்டு. ஆர்ம் டிசைன் செய்த கார்ட்டெக்ஸ்-ஏ53 கோர், ஏதோ ஒரு மலிவு ஃபோனிலோ ராஸ்பெரி பை 3லோ நீங்கள் கண்டிப்பாகத் தொட்டிருப்பீர்கள். அதன் ஆரம்ப ரிவிஷன்களில் 843419 என்று ஒரு எரட்டம். ஒரு முகவரியைக் கணக்குப் போடுகிற ஏடிஆர்பி கட்டளை 4 கேபி பக்கத்தின் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில் போய் விழுந்து, அதற்குப் பின்னால் குறிப்பிட்ட வரிசையில் லோடு, ஸ்டோர் (மெமரியைப் படிக்கிற, எழுதுகிற கட்டளைகள்) வந்தால், தப்பான முகவரிக்குப் போய்விடும். உங்கள் கோடு எந்த பைட்டில் விழுகிறது என்பதைப் பொறுத்த பக். டீபக் செய்ய ஒரு பிரின்ட் வரியைச் சேர்த்தால் எல்லாம் நகர்ந்து பக் மறைந்துவிடும், எடுத்தால் திரும்ப வரும், பேய் ஓட்டுகிறவரைக் கூப்பிடலாமா என்று யோசிக்க வைக்கிற ரகம். இதை, கோடுத் துண்டுகளைச் சேர்த்து முழு புரோகிராம் ஆக்குகிற லிங்கர்தான் பிடிக்க வேண்டும், கட்டளைகள் கடைசியாக எங்கே உட்காரும் என்று அதற்குத்தான் தெரியும். அப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் அதை உடைத்து வேறு இடத்துக்குத் தாவ வைத்துவிடும். கெர்னல் மாட்யூல்கள் ஓடும் நேரத்தில் லோடு ஆவதால் அங்கே கெர்னலே லிங்கர் வேலையையும் பார்க்கிறது, பக்கத்தின் கடைசியில் ஏடிஆர்பி வந்தால் அதை வேறு கட்டளையாக மாற்றுகிறது, தூரம் எட்டவில்லை என்றால் தனியாக ஒரு சின்னக் கோடைக் கட்டி அதன் வழியாக அனுப்புகிறது. இவ்வளவும் செய்ய முடிந்ததற்குக் காரணம், எந்த இரண்டு இடம், எந்த வரிசை என்று ஆர்ம் அச்சடித்துக் கொடுத்ததுதான். அந்தத் தாள் இல்லாமல் வெளியிலிருந்து ஒருவர் இதைக் கண்டுபிடித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

சில நேரம் ஒரே வழி, அந்த வசதியே சிப்பில் இல்லாத மாதிரி நடிப்பது. ஏஎம்டியின் 15எச், 16எச் குடும்பத்து சிப்களில் லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பினால், ரேண்டம் எண் தருகிற கட்டளை, வெற்றி என்று சொல்லிக்கொண்டே எல்லா பிட்டும் ஒன்றாக இருக்கிற ஒரே எண்ணையே திரும்பத் திரும்பக் கொடுக்கக்கூடும். எர்ரர் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. 2019ல் லினக்ஸ் அந்தக் குடும்பங்களுக்கு, இந்தக் கட்டளை உண்டு என்று காட்டுகிற பிட்டையே மறைத்துவிட்டது. அதே வருஷம் வந்த ரைசன் 3000 வரிசையில் முதல் லாட்டுக்கு பயாஸ் அப்டேட் வருவதற்குள், பூட்டில் மற்ற புரோகிராம்களைக் கிளப்புகிற சிஸ்டம்டி அந்த எண்ணை நம்பியதால் சில லினக்ஸ்கள் பூட்டே ஆகவில்லை. 2025ல் ஏஎம்டியின் ஜென் 5 சிப்களிலும் இதற்குச் சொந்தக்காரக் கட்டளை ஒன்று, பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டு வெற்றி என்று சொல்வதாகத் தெரியவந்தது. ஏஎம்டி எண் போட்டு வெளியிட்டது, எந்த அளவில் கேட்டால் தப்பு வரும், எந்த அளவில் வராது என்று உட்பட. திட்டலாம், ஆனால் வேலை செய்ய முடியும்.

மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டைகள் பற்றி 2018லிருந்து எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான், செலவு. எஃப்00எஃப்புக்கு ஒரு பிட் போதுமாக இருந்தது. மெல்ட்டவுனுக்குக் கெர்னலின் பேஜ் டேபிளையே யூசர் புரோகிராமிடமிருந்து பிரித்து, ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் டேபிளை மாற்ற வேண்டியிருக்கிறது. 2019ல் வந்த எம்டிஎஸ் ஓட்டைகளுக்கு, 286 காலத்திலிருந்து யாரும் சீந்தாமல் கிடந்த வெர்டபிள்யூ என்ற கட்டளைக்கு மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ளேயே ஓடுகிற சின்னக் கோடு) மூலம் புது வேலை கொடுத்தார்கள், ஓட்டினால் உள்ளே இருக்கிற பஃபர்களைத் துடைத்துவிடும், கெர்னல் வெளியே போகிற வழியில் அதை ஓட்டிவிட்டுப் போகும். இந்தச் செலவுக்குப் பயந்து, தடுப்புகளை எல்லாம் அணைக்கிற மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் என்பதைப் பூட் வரியில் போட்டுக்கொண்டு பெருமையடிக்கிறவர்கள் எங்கள் ஆபீஸிலும் இருக்கிறார்கள். வெளியாட்கள் கோடு ஒன்றுகூட ஓடாத பெட்டி என்றால் அது உங்கள் கணக்கு. பிரவுசர் ஓடுகிற லேப்டாப்பில் போடாதீர்கள்.

பக் இல்லாத சிப்களும் இந்தச் செலவைச் சுமக்க வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். கெர்னல் பூட் ஆகும்போது ப்ராசஸரின் ஐடி ரிஜிஸ்டரைப் படித்து எந்த மாடல், எந்த ரிவிஷன் என்று பார்த்து, தேவைப்பட்ட இடங்களில் தன் கோடைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும். மற்ற சிப்களில் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத கட்டளை இருக்கும், அவ்வளவுதான். ஒரே சிப்பில் பெரிய கோர், சின்ன கோர் என்று கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூத்து: பூட் முடிந்து மாற்றமெல்லாம் எழுதின பிறகு, புது எரட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு கோர் தாமதமாக வந்தால், இனி சரிசெய்ய முடியாது என்று அந்தக் கோரையே சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிடும். மைக்ரோகோட் அப்டேட்டும் ஒவ்வொரு பூட்டுக்கும் புதிதாக ஏற்ற வேண்டியதுதான், பவர் போனால் போய்விடும், சிப்புக்குள் நிரந்தரமாக எதுவும் மாறுவதில்லை. அதே பழைய பக்குகளோடு, வாங்கின நாளில் இருந்த மாதிரியே, சிப் உங்கள் மேஜையில் இருக்கிறது.

கவனித்தீர்களானால் இந்த ஏற்பாடு முழுக்க ஐடி ரிஜிஸ்டரை நம்பி இருக்கிறது. எந்த ரிவிஷன் என்று சிப் உண்மையைச் சொன்னால்தான் எந்த சுற்றுவழி என்று கெர்னல் முடிவெடுக்க முடியும். யார் வேண்டுமானாலும் எடுத்து சிப் செய்யலாம் என்று திறந்துவிட்ட ரிஸ்க்-ஃபைவ் உலகில் இது இப்போது ஒரு தலைவலி. அங்கே வென்டர், டிசைன், இம்ப்ளிமென்டேஷன் என்று மூன்று ஐடி உண்டு, ஆனால் பூஜ்யம் போட்டாலும் ஸ்பெக் அனுமதிக்கிறது. லினக்ஸில் டி-ஹெட் கம்பெனியின் கோர்களுக்கான எரட்டா ஃபைலைத் திறந்து பாருங்கள், வென்டர் டி-ஹெட்டாக இருந்து மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் இந்த பக் உண்டு என்று எடுத்துக்கொள்கிறது. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எந்த ரிவிஷன், சரிசெய்ததா இல்லையா என்று எப்படிப் பிரிப்பது? அதே கம்பெனியின் சி910 கோரில்தான் 2024ல் கோஸ்ட்ரைட் என்ற ஓட்டையை ஜெர்மனியின் சிஸ்பா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வெக்டர் பிரிவின் சில கட்டளைகள் எந்த அனுமதியையும் மதிக்காமல் நேராக ஃபிசிக்கல் மெமரியில் எழுதிவிடும், வெக்டரையே அணைத்து வைப்பதைத் தவிர வழியில்லை.

இதை நான் இழுப்பதற்குக் காரணம், நம் ஊர்களிலும் இப்போது ரிஸ்க்-ஃபைவ் சிப் டிசைன் செய்கிறார்கள். சென்னை ஐஐடியின் சக்தி இருக்கிறது, திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகா இருக்கிறது, பெங்களூரில் இதற்காகவே ஆள் எடுக்கிற கம்பெனிகளின் மெயில் எனக்கே வருகிறது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்த வேலையில் இருந்தால் ஒரு வேண்டுகோள். அந்த மூன்று ரிஜிஸ்டரிலும் தயவுசெய்து ஏதாவது எண் போடுங்கள், ஒவ்வொரு ரிவிஷனுக்கும் அதை ஏற்றுங்கள், சின்ன மெட்டல் ஃபிக்ஸாக இருந்தாலும் ஏற்றுங்கள். எரட்டாவை லாகின் கேட்காத ஒரு பக்கத்தில் வையுங்கள். என்டிஏ (ரகசியம் காக்கிற ஒப்பந்தம்) போட்டால்தான் தருவோம் என்றால், கெர்னலில் கமென்ட் எழுதும்போது நான் அந்த எண்ணைக் குறிப்பிட முடியாது, அடுத்து வருகிறவர் இந்த வரி எதற்கு என்று தெரியாமல் அழித்துவிடுவார், அப்புறம் உங்கள் சப்போர்ட் டீமுக்குத்தான் போன் வரும்.